ஜெபிப்போம் என்று சொன்னால்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
10 ஜூலை 1999

அன்புள்ள ரூபாவதிக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் மேபல் அக்காள் பக்கத்துக் கடையிலிருந்து போன் போட்டுச் சொன்னார்கள். கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்டேன். "யாரு காலு, தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

ஆக, உன் அக்காளுக்குக் காலே வீங்கவில்லை. நானோ சபை முழுக்க அந்தக் காலுக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டேன். பெண்கள் ஐக்கியத்தில் நேற்று உபவாசம்கூட இருந்துவிட்டார்கள். இப்போது அந்தக் காலை நான் எப்படிச் சொஸ்தமாக்குவது? நீயே சொல்.

வீட்டு நிலவரம் சுமார்தான். நான் வைத்த ரசத்தை நானே குடித்தாக வேண்டியிருக்கிறது. பள்ளியில் உன் வகுப்பையும் சேர்த்து மரியா டீச்சர் பார்த்துக்கொள்கிறாள். பாவம், அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இதற்கு நடுவில் நம் சபைச் செயலாளர் க்ளென் ஒரு செய்தி கொண்டுவந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார்களாம். அதே அதிகாரி சீனிவாசராகவன்தான். கரஸ்பாண்டென்ட் நான் இருந்தால் போதுமா? ஹெச்.எம். எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? அக்காளுக்குக் கால் வீக்கம் என்றா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததிலிருந்து நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திங்களன்று பையைக் கட்டினாய். செவ்வாயன்று கன்டோன்மென்டில் மாரிக்குப்பம் ரயில் ஏறிவிட்டாய். நான் என்ன செய்தேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. பிரசங்கம் நீண்டுவிட்டதா? காணிக்கை நேரத்தில் உன் பக்கம் பார்த்து ஏதாவது சைகை காட்டினேனா? கோபம் என்றால் திட்டி எழுது, பரவாயில்லை. எழுதாமல் இருக்காதே.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் வந்துவிடு.

உன்,
ஞானாபரணம்


சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்
13 ஜூலை 1999

மதிப்பிற்குரிய கரஸ்பாண்டென்ட் ஐயா அவர்களுக்கு,

பள்ளித் தலைமை ஆசிரியை எழுதிக்கொள்வது. எனக்குக் காலவரையற்ற விடுப்பு வேண்டும். காரணம் பின்வருமாறு.

உங்களுக்குத் தெரிந்ததையேதான் எழுதப்போகிறேன். நாம் இதை வாயால் பேசிப் பேசிப் பழகிவிட்டோம். எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

நம் பள்ளிக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது நான்காம் வகுப்புவரை கன்னடத்தில் பாடம் நடத்துவதற்கு. நாம் நடத்துவது எல்லாமே இங்கிலீஷில். அதிகாரி வரும்போது மட்டும் இங்கிலீஷ் புத்தகங்கள் பைக்குள் போகும், கன்னடப் புத்தகங்கள் மேஜைக்கு வரும். முதலில் அதற்கு ஒரு மணி அடித்தோம். அகாலத்தில் எதற்கு மணி என்று அதிகாரி கேட்டுவிட்டார். அப்போதுதான் க்ளென் அந்த யோசனையைச் சொன்னார். ஐயர் மைக்கைப் பிடித்து "பிள்ளைகளே, ஜெபிப்போம்" என்று ஆரம்பிக்கட்டும், பாதிரியார் ஜெபிப்பதை யார் சந்தேகப்படுவார்கள், அதிகாரியும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொள்வார் என்று. நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சரி என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து நேரமில்லாத நேரத்தில் ஜெபம் வந்தால் புத்தகத்தை மாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மரியா டீச்சர் மாதம் ஒருமுறை பயிற்சிகூடக் கொடுக்கிறாள்.

இப்போது அந்த ஞாயிறுக்கு வருகிறேன். பிரசங்கத்துக்கு முன்னால் நீங்கள் "ஜெபிப்போம்" என்றீர்கள். கண்ணை மூடினீர்கள். சபையும் மூடியது. எனக்குத் தும்மல் வந்தது, கைக்குட்டை எடுக்கக் கண்ணைத் திறந்தேன். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாட்டுப் புத்தகத்தை ஒளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு ப்ளெஸ்ஸி புத்தகத்தைப் பாவாடைக்குக் கீழே தள்ளிவிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் ஆமென் சொன்னதும் புத்தகங்கள் திரும்ப வெளியே வந்தன. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. விளையாட்டென்றால் சிரித்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏம்மா பாட்டு புக்க ஒளிச்ச?"

"ஐயர் ஜெபிப்போம்னு சொன்னாரு இல்ல மிஸ்."

"ஜெபம்னா என்னடா கண்ணு?"

"யாரோ வராங்கன்னு அர்த்தம் மிஸ்."

இதுதான் காரணம். அந்த மைக்கில் அந்த வார்த்தை இனி அந்த வேலைக்கு வராது என்று நீங்கள் எழுதும்வரை நான் வருவதாக இல்லை. போன் போடாதீர்கள். போனில் நீங்கள் பிரசங்கம் பண்ணுவீர்கள், நான் இரங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
ரூபாவதி ஞானாபரணம்


ஜீவனஹள்ளி
16 ஜூலை 1999

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் விடுப்பு விண்ணப்பம் கிடைத்தது. விடுப்பு மறுக்கப்படுகிறது.

ரூபாவதி, எட்டு வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை ஏதோ உளறியதற்கு ஒரு குடும்பம் ரயிலேறிப் பிரிய வேண்டுமா? ப்ளெஸ்ஸி துடுக்குப் பெண். போன கிறிஸ்மஸ் நாடகத்தில் மேய்ப்பனுடைய ஆட்டைப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றவள் அவள். அவள் சொன்னதை வைத்து என்னை எடைபோடுகிறாய்.

நாம் யார் சொத்தையாவது எடுத்தோமா? இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்கள். அம்மாக்கள் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள். கன்டோன்மென்ட் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் வாட்ச்மேனே இவர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவான். ஃபாத்திமா தன் மகளைக் கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கு நீதானே அட்மிஷன் போட்டாய்? "நான் வேலை செய்ற வீட்டுப் பாப்பா போன எடுத்தா இங்கிலீஷ்ல டகடகன்னு பேசுது, ஐயரே. என் பாப்பாவும் அப்படிப் பேசணும்" என்றாளே, ஞாபகம் இருக்கிறதா? அவளிடம் போய் அரசாங்க உத்தரவை வாசித்துக் காட்டவா? ஊரில் பணக்காரன் பிள்ளை இங்கிலீஷில் படிக்கலாம், ஃபாத்திமாவின் பிள்ளை படிக்கக்கூடாதா? இதைக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்த வழியில் செய்தேன்.

இன்னொன்று. அந்த மைக்கில் நான் நடித்தேன் என்று நினைக்கிறாய். இல்லை. "ஆண்டவரே, இந்தப் பள்ளியை இன்றைக்குக் காப்பாற்றும்" என்று ஒவ்வொரு முறையும் மனதாரத்தான் ஜெபித்தேன். உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகூட அவ்வளவு உருக்கமாக நான் ஜெபித்ததில்லை.

கடைசியாக, காலே வீங்காத அக்காளை வைத்துச் சபையையே உபவாசம் இருக்க வைத்தவள் எனக்கு உண்மையைப் பற்றிக் கடிதம் எழுதுகிறாள். நன்றாக இருக்கிறது.

வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஞானாபரணம்


சாம்பியன் ரீஃப்
20 ஜூலை 1999

ஞானாபரணம் ஐயர் அவர்களுக்கு,

விடுப்பு மறுக்கப்பட்டதை அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அக்காளுக்குப் புரையேறிவிட்டது. "உன் வீட்டுக்காரர் கவர்மென்ட் உத்தியோகத்துக்குப் போயிருக்கலாம்டி" என்றாள்.

கால் விஷயத்தில் நீங்கள் என்னைப் பிடித்துவிட்டீர்கள். நான் சொன்னது பொய்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வரும் ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், ஐயரம்மா சொன்னது பொய், அக்காளுக்குக் கால் நன்றாக இருக்கிறது என்று சபையில் சொல்லிவிடுங்கள். நான் அங்கே இல்லாததால் அந்தச் சங்கடம் முழுக்க உங்கள் தலையில் விழும். அதற்கு என்னை மன்னியுங்கள். ஆனால் சொல்லுங்கள்.

கோபத்தில் எழுதிய கடிதத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அந்தத் திங்கட்கிழமை காலையில், காப்பிக்கு முன்னால், எப்போதும்போல நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தீர்கள். நான் கண்ணைத் திறந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். இவர் இப்போது ஆண்டவரிடம் பேசுகிறாரா, இல்லை எனக்குத் தெரியாமல் யாருக்காவது ஏதாவது சிக்னல் கொடுக்கிறாரா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நிமிஷம்தான். அந்த நினைப்புக்குப் பயந்துதான் நான் ஓடி வந்தேன். உங்களோடு சேர்ந்து கண்ணை மூட முடியாமல் போய்விட்டால் நான் உங்களுக்கு யார்? அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? இங்கே வந்து பத்துப் பாத்திரம் தேய்த்து, அக்காளோடு அரட்டை அடித்து, எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அது போகவில்லை.

ஃபாத்திமாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதையேதான் யோசிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள், அவள் மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இங்கிலீஷில் டகடகவென்று பேசுகிறாளா? நாமே அரைகுறை இங்கிலீஷில் கணக்கும் சயன்ஸும் ஒப்பிக்க வைக்கிறோம். பிள்ளைக்குக் கணக்கும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை, கன்னடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் வருகிறது. பாடங்களைப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் நடத்திவிட்டு, இங்கிலீஷை ஒரு பாடமாக வைத்து நன்றாகச் சொல்லிக்கொடுக்க யாராவது தடை சொன்னார்களா? ஐந்தாம் வகுப்பிலிருந்து முறைப்படி இங்கிலீஷ் மீடியத்துக்கு விண்ணப்பிக்க யாராவது வேண்டாம் என்றார்களா? அதெல்லாம் கஷ்டமான வேலை. ஜெபிப்போம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

நான் இனி நிபந்தனை எதுவும் போடவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வரும் ஞாயிறு "ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் கண்ணைத் திறந்து பாருங்கள்.

ரூபாவதி

சாப்பாட்டுக்கு அரிசி உலை கொதித்த பிறகு போட வேண்டும். முதலிலேயே போட்டுவிடுகிறீர்கள் என்று மரியா டீச்சர் எழுதியிருக்கிறாள்.


ஜீவனஹள்ளி
26 ஜூலை 1999

ரூபா,

பார்த்தேன்.

முதலில் கால். அறிவிப்பில் நீ சொன்னபடியே சொன்னேன். உடனே பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "அப்போ எங்க உபவாசம் யாருக்குப் போச்சு?" என்றது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டேன். உன்மேல் ஒருவருக்கும் கோபம் இல்லை. இப்படி வெளியே சொல்லிவிட்டால் இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததைச் செய்தேன்.

கார்கிலில் இருக்கும் ராணுவ வீரர்களுக்காக ஜெபிக்க வேண்டியிருந்தது. "ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டு, வாய் ஜெபித்துக்கொண்டே இருக்க, கண்ணைத் திறந்தேன். நீ எழுதியது குறைச்சல், ரூபா. ப்ளெஸ்ஸி தன் புத்தகத்தை ஒளித்தது மட்டுமில்லை. பக்கத்தில் புதிதாக வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை, அது புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தது. ப்ளெஸ்ஸி அதை முழங்கையால் இடித்து, புத்தகத்தைப் பிடுங்கி, பாய்க்குக் கீழே தள்ளினாள். அந்தப் பிள்ளைக்கு உதவி செய்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது. என் கண்ணெதிரே, என் ஆலயத்தில், நான் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, ஜெபிக்கத் தெரிந்த ஒரே பிள்ளைக்கும் மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஜெபம் நின்றுவிட்டது. பாதி வாக்கியத்தில் ஆமென் சொல்லிவிட்டேன். எனக்கு மயக்கம் என்று நினைத்து க்ளென் ஓடிப்போய் கோலி சோடா வாங்கிவந்தார். அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் உட்கார்ந்து அதைக் குடித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன், இந்தத் தடவை நான் அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்று.

சாயங்காலமே கமிட்டி கூடிவிட்டது. க்ளென் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஐயரே, இன்னும் ரெண்டு வருஷத்துல உங்கள பிஷப் வேற சபைக்கு மாத்திடுவாரு. உண்மைய சொல்லிட்டு நீங்க போயிடுவீங்க. பூட்டுன ஸ்கூல் முன்னாடி நாங்க இல்ல நிக்கணும்?" என்றார். பள்ளிக்குக் கூரை போடும்போது ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைத் தோளில் சுமந்த மனுஷன் அவர். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை உடனே மாற்றச் சொல்லி பிஷப்புக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். எழுதுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

பயமாகத்தான் இருக்கிறது, ரூபா. பள்ளியை மூடிவிட்டால்? அந்தப் பிள்ளைகளெல்லாம் தெருவில் நின்றால்? அதிகாரி வியாழன், ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வருகிறார். நீ வா. நீ பக்கத்தில் நின்றால் நான் சொல்லிவிடுவேன்.

உன்,
ஞானாபரணம்


சாம்பியன் ரீஃப்
29 ஜூலை 1999

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அக்காள் என்னவோ ஏதோ என்று பதறிவிட்டாள். பயப்படாதீர்கள், நல்ல அழுகைதான்.

இப்போதே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று துடிக்கிறது. ஆனால் வரமாட்டேன். நான் வந்து பக்கத்தில் நின்றால் நீங்கள் எனக்காகச் சொன்னதாகிவிடும். நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால், பொண்டாட்டி பேச்சைக் கேட்டேன் என்று உங்களுக்கே தோன்றும். தோன்றாது என்று சொல்லாதீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். அது வேண்டாம். நீங்களாகவே சொல்லுங்கள்.

க்ளெனுக்குப் பதில் தேடாதீர்கள். அவர் கேட்டது சரியான கேள்வி. பிஷப் உங்களை மாற்றினாலும், அடுத்த ஐயரிடம் பேசி நான் நம் பள்ளியிலேயே டீச்சராகவாவது இருந்துகொள்கிறேன் என்று சொல்லுங்கள். பூட்டின பள்ளி முன்னால் அவரோடு நானும் நிற்பேன். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை.

அதிகாரியிடம் கன்னடத்திலேயே ஆரம்பியுங்கள். மரியாதையாக இருக்கும். சுருக்கமாகச் சொல்லித்தருகிறேன். "சார், நாவு சுள்ளு ஹேளித்வி." நாங்கள் பொய் சொன்னோம் என்று அர்த்தம். சுள்ளு. நன்றாக மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். போன வருஷம் எலெக்ட்ரிக் ஆபீஸில் நீங்கள் பேசிய கன்னடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ரூபா


ஜீவனஹள்ளி
7 ஆகஸ்ட் 1999

ரூபா,

முடிந்தது. நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

சீனிவாசராகவன் வந்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்தார். மைக் என் மேஜைமேல் இருந்தது. நான் அதைக் கையில் எடுத்ததும் அவர் வழக்கம்போலக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்புகளில் ஒரே அமைதி. ஜன்னல் வழியாக மரியா டீச்சரின் வகுப்பு தெரிந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒரு கையைப் பைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் சொன்னேன்: "பிள்ளைகளே, இன்றைக்கு ஜெபம் இல்லை. காலையிலேயே ஜெபித்தாகிவிட்டது. என்ன புத்தகம் படித்துக்கொண்டிருந்தீர்களோ அது அப்படியே மேஜைமேல் இருக்கட்டும்." ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை. மரியா டீச்சருக்கு மட்டும் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி ஒரு கண்ணைத் திறந்தார். நான் எழுந்து நின்று, நீ சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். எத்தனை தடவை மனப்பாடம் பண்ணியும், அந்த நேரத்து நடுக்கத்தில் "சார், நாவு முள்ளு ஹேளித்வி" என்று வந்துவிட்டது. அவர் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டு, "எல்லி முள்ளு?" என்று தரையைக் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். அவரோடு சேர்ந்து பியூனும் தேடினான். அப்புறம் எனக்கு விஷயம் புரிந்து, "முள்ளு அல்ல சார், சுள்ளு, சுள்ளு!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஐயர்வாள், நீங்க தமிழ்லயே சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். மணியிலிருந்து ஜெபம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எனக்குத் தெரியும். போற எடத்துல எல்லாம் ஏதாவது ஒண்ணு வெச்சிருக்கா. உங்ககிட்ட ஜெபம். ஜெபம் நீளமா போனா, இன்னிக்கு மாத்த வேண்டிய புஸ்தகம் ஜாஸ்தின்னு நெனச்சுப்பேன். எம்முன்னாடி வந்து இதச் சொன்னவா யாரும் இல்ல." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் உருகி உருகி ஜெபித்ததையெல்லாம் அந்த மனுஷன் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்காக அவர் விட்டுவிடவில்லை. பார்த்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதுவேன் என்றார். எழுதுங்கள் சார் என்றேன். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். இந்த வருஷம் முடியும்வரை பள்ளி நடக்கலாம், வரும் ஜூனிலிருந்து நான்காம் வகுப்புவரை கன்னடத்திலோ தாய்மொழியிலோதான் நடக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி போய்விடும். ஐந்தாம் வகுப்புக்கு முறைப்படி விண்ணப்பம் கொடுங்கள், தன்னால் ஆனதைச் சிபாரிசு செய்கிறேன் என்றார். காப்பி குடித்தார். மிக்சரைத் தொடவில்லை.

இனிமேல்தான் கெட்ட செய்தி. க்ளென் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டார். என்னோடு பேசுவதில்லை. பிஷப் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கும்படி எழுதியிருக்கிறார்கள், எதற்கென்று எழுதவில்லை. நேற்று பெற்றோரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் அங்கேயே டி.சி. கேட்டுவிட்டார்கள். ஃபாத்திமா மட்டும் எல்லாரும் போகும்வரை கதவோரம் நின்றாள். "அரே, ஐயரே, நீங்க உண்மை சொன்னீங்க, சந்தோஷம். உங்க மனசு லேசாச்சு. என் பாப்பா இங்கிலீஷுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். அவள் கோபமாகக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டி.சி. வாங்குவதா வேண்டாமா என்று அடுத்த வாரம் சொல்கிறேன் என்று போயிருக்கிறாள்.

நான் ஐயர். நீ ஹெச்.எம். இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. ஐந்தாம் தேதிக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்குகிறேன். இத்தனை நாள் சரியாகத் தூங்கவில்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது.

உன்,
ஞானாபரணம்


சாம்பியன் ரீஃப்
11 ஆகஸ்ட் 1999

என்னங்க,

முள்ளைப் படித்துவிட்டு அக்காள் கட்டிலில் விழுந்து உருண்டாள். இனி இந்த ஊரில் உங்களுக்கு முள்ளு ஐயர் என்றுதான் பெயர். தயாராக இருங்கள்.

ஃபாத்திமாவிடம் டி.சி. வாங்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். திங்கட்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வரச் சொல்லுங்கள். தினமும் பள்ளி விட்டபிறகு மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே இங்கிலீஷ் எடுக்கப்போகிறேன். ஒப்பிக்கிற இங்கிலீஷ் இல்லை, பேசுகிற இங்கிலீஷ். நம் வீட்டுப் போனையே எடுத்துவந்து மேஜைமேல் வைத்துப் பேசப் பழக்கப்போகிறேன். அவளும் மகளோடு உட்கார்ந்து பார்க்கட்டும். பிடித்தால் இருக்கட்டும், பிடிக்காவிட்டால் டி.சி.யை நானே எழுதிக் கொடுக்கிறேன். அவளுக்கு நாம் கொடுக்க வேண்டிய பதில் அதுதான், வாயால் சொல்கிற பதில் போதாது. அவள் இருப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை செய்யக் கை பரபரக்கிறது.

பிஷப்பைப் பார்க்கப் போகும்போது நல்ல அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். காலர் மஞ்சளடித்திருக்கும், மரியா டீச்சரிடம் நீலம் போட்டுத் தரச் சொல்லுங்கள். வசனம் எதையும் எடுத்துக் காட்டாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மாற்றுகிறோம் என்றால் மாற்றட்டும். க்ளென் வீட்டுக்கு நாம் இரண்டு பேருமாகப் போவோம். கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போவோம். தகடு சுமந்த மனுஷன் எத்தனை நாள் பேசாமல் இருப்பார்?

சனிக்கிழமை அக்காளை விட்டுவர முடியாது. இந்தத் தடவை நிஜமாகவே கால் வீங்கியிருக்கிறது. சிரிக்காதீர்கள், முள்ளுக்குச் சிரித்து உருண்டபோது கட்டில் காலில் இடித்துக்கொண்டாள். சபையில் ஜெபிக்கச் சொல்லலாம். இல்லை, வேண்டாம், ஒருவரும் நம்பமாட்டார்கள். தைலம் தேய்த்துவிட்டு ஞாயிறு காலை ரயிலில் கிளம்புகிறேன். அன்றைக்கு சுதந்திர தினமும்கூட. கொடியேற்றத்தை ஆராதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நான் வந்துவிடுவேன்.

கன்டோன்மென்டில் இறங்கி நேரே ஆலயத்துக்குத்தான் வருவேன். எப்படியும் நேரமாகிவிடும், நீங்கள் ஜெபத்தை ஆரம்பித்திருப்பீர்கள். பிள்ளைகளுக்குப் பத்தே நாளில் பழக்கம் மாறிவிடாது. ப்ளெஸ்ஸி புத்தகத்தை ஒளித்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். பார்க்கட்டும். அவள் சொன்னபடியே யாரோ வந்திருப்பார்கள். நான் போய் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அந்தப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து அவள் மடியிலேயே வைக்கிறேன்.

நீங்கள் கண்ணைத் திறக்க வேண்டாம். ஜெபித்துக்கொண்டே இருங்கள். நானும் மூடிக்கொள்கிறேன்.

ரூபா